கதவு திறக்கும் மந்திரம்

விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோயிலின் தலமரம் வன்னி. அந்த மரத்தை வைத்து எங்கள் பக்கத்தில் ஒரு கதை சொல்வார்கள். விபசித்து முனிவர் கோயில் திருப்பணி செய்தபோது வேலையாட்களுக்குக் கூலி கொடுக்க அவரிடம் காசில்லை. பொழுது சாய்ந்ததும் வன்னி இலையைப் பறித்து ஆளுக்குக் கொஞ்சம் கொடுப்பார். அன்றைக்கு அவரவர் எவ்வளவு வேலை பார்த்தார்களோ, அந்த அளவுக்கு அந்த இலை பொன்னாக மாறும். நாள் முழுக்கக் கல் சுமந்தவருக்கு அதற்கேற்ற பொன். ஒப்புக்கு வந்து நின்றவருக்கு ஒப்புக்குத்தான்.

சின்ன வயதில் கேட்டபோது இலை பொன்னாவதுதான் பெரிய அதிசயமாகத் தெரிந்தது. இப்போது கேட்டால் வேறொன்று கண்ணில் படுகிறது. இலையைப் பொன்னாக்கத் தெரிந்த முனிவருக்குக் கோயிலையே மந்திரத்தால் எழுப்புவதா கஷ்டம்? ஒரே ராத்திரியில் ஐந்து கோபுரமும் எழும்பி நின்றிருக்கலாம். கதை அந்தப் பக்கம் போகவே இல்லை. கோயிலைக் கட்டியவர்கள் கொத்தர்களும் சுமையாட்களும்தான். மந்திரம் அவர்கள் வேலையில் கை வைக்கவில்லை. சாயங்காலம் வந்து கூலியைக் கொடுத்துவிட்டுப் போனது.

மந்திரம் தெரிந்த ஒருவரும் தெரியாத நாலு பேரும் ஒரே இடத்தில் இருந்தால், அந்த நாலு பேருக்கு அங்கே என்ன வேலை? ஐம்பது வருடங்களாக ஒரு விளையாட்டை எழுதுகிறவர்கள் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்த மல்லுக்கட்டின் வரலாற்றைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

மேசையைச் சுற்றி

டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் என்ற பெயருக்குத் தமிழில் இன்னும் நிலைத்த சொல் வரவில்லை. நாங்கள் ‘கதையாட்டம்’ என்று சொல்லிக்கொள்கிறோம். ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரில் அந்தப் பையன்கள் நிலவறையில் உட்கார்ந்து ஆடுவார்களே, அதுதான். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் உலகத்தை நடத்துவார். அவர் ஆட்டநடத்துநர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம்: போர்வீரன், திருடன், பூசாரி, மந்திரவாதி. “முன்னாடி ஒரு கதவு, பூட்டியிருக்கு” என்பார் நடத்துநர். என்ன செய்யலாம் என்று ஒவ்வொருவரும் சொல்வார்கள். செய்ய முடிந்ததா என்பதைப் பகடை சொல்லும்.

இதில் யாரும் யாரையும் ஜெயிப்பதில்லை. எல்லாரும் ஒரே கட்சி. அப்படியென்றால் மந்திரவாதி பலசாலியாக இருந்தால் என்ன, போர்வீரன் பலசாலியாக இருந்தால் என்ன? இதைப் புதிதாகக் கேள்விப்படுகிறவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி இது. செஸ்ஸில் வெள்ளைக்கு மட்டும் இரண்டு ராணி கொடுத்தால் அநியாயம். ஒரே கட்சியில் இருப்பவர்களுக்குள் என்ன அநியாயம்?

பதில் நேரத்தில் இருக்கிறது. ஒரு ஆட்டம் மூன்று மணி நேரம். மேசைக்குப் பொதுச்சொத்து என்று இருப்பது அது ஒன்றுதான். யார் பேசுகிறார்கள், யாருடைய பகடை உருளும்போது மற்றவர்கள் மூச்சைப் பிடிக்கிறார்கள், யாருடைய யோசனையால் கதை நகர்கிறது என்பதில்தான் அந்தச் சொத்து பங்காகிறது. ஒரு மந்திரம் அளவுக்கு மீறிப் பலமானது என்றால், அதை வைத்திருப்பவர் பக்கத்தில் இருப்பவருடைய நேரத்தையும் சேர்த்துச் செலவழிக்கிறார் என்று அர்த்தம்.

தாடி வைத்த பீரங்கி

1971-ல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரனும் ‘செயின்மெயில்’ என்ற விதிநூலை எழுதினார்கள். இடைக்காலப் படைகளைச் சின்னச் சின்னப் பொம்மைகளாக நிறுத்தி மோதவிடும் போர் விளையாட்டு அது. நூலின் பின்பகுதியில் டிராகன், ராட்சதன், மந்திரவாதி என்று ஒரு கற்பனைச் சேர்க்கை இருந்தது. மந்திரவாதி எப்படித் தாக்குவான் என்று எழுத வந்தபோது, கையில் ஏற்கெனவே இருந்த கணக்கையே எடுத்துக்கொண்டார்கள். நெருப்புருண்டைக்குக் கல்லெறி பொறியின் கணக்கு. மின்னலுக்குப் பீரங்கியின் கணக்கு. அந்த ஆட்டத்தின் மந்திரவாதி, சுருக்கமாகச் சொன்னால், தாடி வைத்த பீரங்கி.

போர் விளையாட்டில் பீரங்கி பலமாக இருப்பதால் ஒரு சிக்கலும் இல்லை. அதைப் படையில் சேர்க்க அதிகப் புள்ளி ஆகும். அந்தப் புள்ளிக்கு எதிராளி நிறையக் காலாட்களைச் சேர்த்துக்கொள்வார். ஒரே ஆள்தான் மொத்தப் படையையும் நகர்த்துகிறார். பீரங்கியே எல்லாவற்றையும் முடித்துவிட்டதே என்று காலாள் பொம்மை வருத்தப்படப்போவதில்லை.

1974-ல் கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தை வெளியிட்டார்கள். ஒரு பெட்டிக்குள் மூன்று சின்னப் புத்தகங்கள். முதல் அச்சு ஆயிரம் பிரதி. அதில் ஒரு பெரிய மாற்றம் இருந்தது: ஒரு பொம்மைக்கு ஒரு ஆள். இப்போது பீரங்கிக்கு ஒருவர், காலாளுக்கு ஒருவர். காலாளுக்கு வாய் வந்துவிட்டது. மந்திரத்தின் பேலன்ஸ் என்ற பிரச்சினை பிறந்தது அந்த இடத்தில்தான்.

கைகாக்ஸ் அதற்கு ஒரு விலை வைத்தார். ஜாக் வான்ஸ் 1950-ல் எழுதிய ‘தி டையிங் எர்த்’ புத்தகத்தில் மந்திரவாதிகள் மந்திரத்தை மனதில் ஏற்றி வைத்திருப்பார்கள். சொல்லி முடித்ததும் அது மனதை விட்டுப் போய்விடும். கைகாக்ஸ் இதை அப்படியே எடுத்துக்கொண்டார். வான்ஸ் பெயரின் எழுத்துகளை மாற்றிப் போட்டுத்தான் இந்த விளையாட்டின் புகழ்பெற்ற வில்லன் ‘வெக்னா’ வந்தான் என்பது கூடுதல் செய்தி. நமக்கு இந்த யோசனை ஒன்றும் அந்நியம் இல்லை. கர்ணனிடம் இருந்த இந்திரன் கொடுத்த வேல் ஒரே ஒரு முறைதான் பாயும். அதை அர்ச்சுனனுக்காகப் பத்திரப்படுத்தி வைத்திருந்தான். கடோற்கசன் மேல் செலவழிக்க வேண்டியதாயிற்று. பரசுராமர் சாபத்தால் அஸ்திர மந்திரமும் வேண்டிய நேரத்தில் மறந்துபோனது. ஆயுதத்தின் வலு அதன் எண்ணிக்கைக்குள் கட்டுப்பட்டிருக்கிறது. எப்போது செலவழிப்பது என்பதே கதை.

1974 விதிப்படி முதல் நிலை மந்திரவாதிக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு மந்திரம். கவசம் போடக் கூடாது. குத்துவாளைத் தவிர வேறு ஆயுதம் கிடையாது. இரண்டாம் நிலைக்குப் போகப் போர்வீரனுக்கு 2,000 அனுபவப் புள்ளி போதும். மந்திரவாதிக்கு 2,500 வேண்டும். இன்றைக்குக் கஷ்டப்படு, பின்னால் ராஜா மாதிரி இருக்கலாம் என்பதுதான் ஒப்பந்தம். ஐந்தாம் நிலைக்கு வந்தால் நெருப்புருண்டை கையில் வரும். அதற்குமேல் ஒவ்வொரு நிலைக்கும் அந்த உருண்டைக்கு இன்னொரு பகடை கூடும். நிலை ஏற ஏற மந்திரங்களின் எண்ணிக்கையும் கூடும், ஒவ்வொன்றின் வலுவும் கூடும். போர்வீரன் படிக்கட்டில் ஏறினான். மந்திரவாதி லிஃப்ட்டில் போனான்.

காகிதத்தில் பார்த்தால் கணக்கு நேராகிறது. மேசையில் நேராவதில்லை. ஆரம்ப மாதங்களில் சும்மா உட்கார்ந்திருப்பவர் மந்திரவாதியாக ஆடுகிறவர். ஒரு வருடம் கழித்துச் சும்மா உட்கார்ந்திருப்பவர் போர்வீரனாக ஆடுகிறவர். இரண்டு அநியாயத்தைக் கூட்டினால் ஒரு நியாயம் வந்துவிடாது.

திருடனுக்கு முன்னால் வந்த சாவி

இனி ஒரே ஒரு மந்திரத்தைப் பிடித்துக்கொண்டு போகலாம். அதன் பெயர் ‘நாக்’. கதவைத் தட்டுவது என்று பொருள். இரண்டாம் நிலை மந்திரம். சொன்னால் பூட்டிய கதவு திறக்கும். அவ்வளவுதான். நெருப்பு, மின்னல், டிராகன் எல்லாம் இல்லை. ஆனால் இந்த விளையாட்டின் மொத்தச் சண்டையும் இதற்குள் அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம்.

1974-ன் முதல் புத்தகத்திலேயே ‘நாக்’ இருந்தது. திருடன் என்ற பாத்திரம் இல்லை. திருடன் 1975-ல் ‘கிரேஹாக்’ என்ற இணைப்புப் புத்தகத்தில்தான் வந்தான். பூட்டுத் திறப்பது, பொறி கண்டுபிடிப்பது, ஓசைப்படாமல் நடப்பது, இருட்டில் ஒளிவது எல்லாம் அவன் தொழில். ஆனால் பூட்டுத் திறக்க ஏற்கெனவே ஒரு மந்திரம் இருந்தது. ஒளிந்துகொள்ள ‘இன்விசிபிலிட்டி’ இருந்தது. திருடன் பிறப்பதற்கு முன்பே அவன் வேலையை வேறொருவருக்குக் கொடுத்தாகிவிட்டது.

1978-ல் வந்த ‘அட்வான்ஸ்ட்’ பதிப்பில் முதல் நிலைத் திருடனுக்குப் பூட்டுத் திறக்கும் வாய்ப்பு 25 சதவீதம். நாலு பூட்டில் மூன்று அவனைப் பார்த்துச் சிரிக்கும். மந்திரவாதியின் ‘நாக்’கிற்குச் சதவீதமே கிடையாது. சொன்னால் திறக்கும். ஒருவன் தன் தொழிலைப் பகடை உருட்டிச் செய்கிறான். இன்னொருவன் அதே தொழிலைப் பகடையே இல்லாமல் செய்கிறான். கைகாக்ஸ் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. மந்திரவாதிக்கு அன்றைக்கு இருப்பது ஒன்றிரண்டு இரண்டாம் நிலை மந்திரம்தான். அதைக் கதவுக்குச் செலவழித்தால் சண்டைக்கு இருக்காது. நாளைக்குப் பத்துக் கதவு வந்தால் திருடன் வேண்டும். உண்மைதான். மந்திரவாதி வளர்ந்து கையில் இருபது மந்திரம் வரும்வரை அது உண்மை.

இந்தத் திருடனின் நிலைமையை நம் இலக்கியத்தில் தேடினால் எனக்குக் கிடைப்பது மணிமேகலையின் ஆபுத்திரன். மதுரையில் சிந்தாதேவி அவனுக்கு அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைக் கொடுக்கிறாள். வரையறை இல்லாத மந்திரப் பொருள். அவன் பசித்தவர்களுக்குச் சோறு போட்டுக்கொண்டே இருக்கிறான். இந்திரன் வந்து வரம் தருகிறேன் என்கிறான், ஆபுத்திரன் சிரித்துவிடுகிறான். கோபம் வந்த இந்திரன் பாத்திரத்தைப் பிடுங்கவில்லை, உடைக்கவில்லை. பன்னிரண்டு வருடம் வறண்டு கிடந்த பாண்டிய நாட்டில் மழையைப் பெய்யவைத்தான். நாடு செழித்தது. பசி போனது. ஆபுத்திரனிடம் கையேந்த ஆளில்லை. அவன் கப்பல் ஏறி, யாருமில்லாத மணிபல்லவத்தில் தனியே விடப்பட்டு, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர் விடுகிறான்.

மழை பெய்வது நல்லதுதானே என்று கேட்கலாம். நல்லதுதான். ஆனால் சாத்தனார் அதைச் செய்தவனின் நோக்கத்தையும் சேர்த்தே சொல்கிறார். ஒருவனை ஒழிக்க அவனைத் தொடவே வேண்டாம். அவன் வேலையை இல்லாமல் ஆக்கினால் போதும். பெரிய மந்திரம் சின்னத் திறமைக்குச் செய்வது இதைத்தான், எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமலே.

வேறு கடைகளில் வேறு விலை

எல்லாரும் கைகாக்ஸ் வழியில் போகவில்லை. 1978-ல் ‘ரூன்குவெஸ்ட்’ வந்தது. அதில் போர்வீரனும் சின்னச் சின்ன மந்திரம் கற்றுக்கொள்ளலாம். வாளைக் கூராக்க, காயத்தை ஆற்ற. மந்திரம் ஒரு சாதிக்குச் சொந்தமான வித்தையாக இல்லாமல் ஊர்ப் பழக்கமாக இருந்தது. 1981-ல் சாண்டி பீட்டர்சனின் ‘கால் ஆஃப் கத்துலு’ வந்தது. அங்கே மந்திரம் சொன்னால் புத்தி குறையும். திரும்பத் திரும்பச் சொன்னால் பாத்திரம் பைத்தியமாகி ஆட்டத்தை விட்டே போய்விடும். விலை அவ்வளவு கடுமையாக இருக்கும்போது யாரும் கதவு திறக்க மந்திரம் தேடுவதில்லை. கடப்பாரையைத் தேடுவார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த தீர்வு 1987-ல் ஜொனாதன் ட்வீட்டும் மார்க் ரெயின்ஹேகனும் எழுதிய ‘ஆர்ஸ் மாஜிகா’. அவர்கள் பிரச்சினையைத் தலைகீழாகப் பிடித்தார்கள். மந்திரவாதி மற்றவர்களைவிடப் பெரியவர்தான், அதை ஒப்புக்கொள்வோம் என்றார்கள். ஆனால் மேசையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு மந்திரவாதி உண்டு, ஒரு துணைப் பாத்திரம் உண்டு. காவலாட்கள் எல்லாருக்கும் பொது. இந்தக் கதையில் உன் மந்திரவாதி முன்னால் போகட்டும், நான் காவலாளாக வருகிறேன். அடுத்த கதையில் மாற்றிக்கொள்வோம். பாத்திரங்களுக்குள் சமம் இல்லை. ஆடுகிறவர்களுக்குள் சமம் உண்டு. கோயில் திருவிழாவில் முறை வைத்து மண்டகப்படி நடத்துவது மாதிரி.

சமம் என்றால் என்ன

2000-ல் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ மூன்றாம் பதிப்பு வந்தது. எழுதியவர்களில் ஒருவர் அதே ஜொனாதன் ட்வீட். மற்றவர்கள் மான்டே குக், ஸ்கிப் வில்லியம்ஸ். பழைய பதிப்பின் கோணல்மாணல்களை எல்லாம் அவர்கள் ஒழுங்குபடுத்தினார்கள். எல்லாப் பாத்திரத்துக்கும் ஒரே அனுபவப் புள்ளிப் பட்டியல். முன்பெல்லாம் மந்திரம் சொல்லும்போது ஓர் அடி விழுந்தாலே மந்திரம் வீணாகும்; இப்போது தாக்குப்பிடிக்க ஒரு பகடை உருட்டலாம். குறைந்த செலவில் மந்திரச் சுருள் எழுதி வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நியாயமான மாற்றம். சேர்த்துப் பார்த்தால், மந்திரவாதி கட்டிவந்த பழைய வரிகள் எல்லாம் ரத்து. ‘நாக்’ சுருள் பத்து எழுதிப் பையில் போட்டுக்கொண்டால், திருடன் பைதூக்கியாக வரலாம்.

விதியை மீறாமல் விதியைத் தோற்கடிக்கும் கலையும் அப்போதுதான் உச்சத்துக்குப் போனது. அதற்கும் நமக்கு முன்னோடி உண்டு. தேவர்களை அழைத்துப் பிள்ளை பெறும் மந்திரம் குந்தியிடம் இருந்தது. பாண்டு கேட்டுக்கொண்டதால் மாத்ரிக்கு ஒரு முறை மட்டும் பயன்படுத்தக் கொடுத்தாள். மாத்ரி யோசித்து அசுவினி தேவர்களை அழைத்தாள். அவர்கள் இரட்டையர். ஒரு அழைப்பு, இரண்டு பிள்ளை: நகுலன், சகதேவன். பாண்டு மறுபடியும் மாத்ரிக்காகக் கேட்டபோது, நான் ஏமாந்துபோனேன், இனி கேட்காதீர்கள் என்று குந்தி மறுத்துவிட்டாள். மாத்ரி விதியை மீறவில்லை. எழுத்துப்படி ஒரு முறைதான். உலகத்தின் எந்த ஆட்டநடத்துநருக்கும் குந்தியின் முகம் அப்போது எப்படி இருந்திருக்கும் என்று தெரியும்.

2008-ன் நான்காம் பதிப்பு இந்தக் கணக்கை ஒரே அடியில் தீர்க்கப் பார்த்தது. போர்வீரன், திருடன், மந்திரவாதி எல்லாருக்கும் ஒரே வடிவம்: எப்போதும் செய்யக்கூடியவை, சண்டைக்கு ஒரு முறை செய்யக்கூடியவை, நாளுக்கு ஒரு முறை செய்யக்கூடியவை. ‘நாக்’ சண்டை மந்திரங்களின் பட்டியலிலிருந்து வெளியேறிப் பத்து நிமிடமும் காசும் பிடிக்கும் ஒரு சடங்காக மாறியது. திருடன் நொடியில் திறப்பான். மந்திரவாதி சாங்கியம் செய்துதான் திறப்பான். கணக்கு என்று பார்த்தால் இத்தனை வருடங்களில் இவ்வளவு நேராக இருந்ததே இல்லை. ஆனால் நிறையப் பேருக்குப் பிடிக்கவில்லை. எல்லாப் பாத்திரமும் ஒரே மாதிரி இருக்கிறது, மந்திரம் மந்திரமாகவே இல்லை என்றார்கள். 2009-ல் மூன்றாம் பதிப்பின் வழியில் வந்த ‘பாத்ஃபைண்டர்’ பக்கம் ஒரு கூட்டமே நகர்ந்தது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எல்லாருக்கும் ஒரே அளவுச் சட்டை கொடுப்பதும் சமத்துவம்தான். யாருக்கும் சரியாக இருக்காது.

2014-ன் ஐந்தாம் பதிப்பு கொஞ்சம் நிதானமாக யோசித்தது. நீடிக்கும் மந்திரங்களில் பலவற்றுக்கு மனக்குவிப்பு வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பிடித்திருக்கலாம். அடி விழுந்தால் பகடை உருட்ட வேண்டும். தோற்றால் பிடி நழுவும். ‘நாக்’ பழையபடி நொடியில் திறக்கும் மந்திரமாகத் திரும்பி வந்தது. கூடவே ஒரே ஒரு வரி சேர்த்தார்கள்: கதவு திறக்கும்போது முந்நூறு அடி தூரத்துக்குக் கேட்கும்படி பலத்த தட்டல் ஓசை எழும். பிரமாதமான வரி. மந்திரத்தின் வலுவில் ஒரு துளிகூடக் குறைக்கவில்லை. ஆனால் காவலாட்கள் தூங்கும் மாளிகையில் இப்போது திருடன் வேண்டும். அவனுக்கென்று ஒரு நிசப்தத்தை ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு ஓட்டை மிச்சம். ஐந்தாம் பதிப்பின் கணக்கு, ஒரு கூட்டம் ஒரே நாளில் ஆறு முதல் எட்டுச் சண்டைகளைத் தாங்கும் என்ற எண்ணத்தில் போடப்பட்டது. அப்போதுதான் மந்திரவாதி தன் இருப்பை எண்ணி எண்ணிச் செலவழிப்பான். நிஜத்தில் பெரும்பாலான மேசைகளில் நாளுக்கு ஒன்றிரண்டு சண்டைதான். இருப்பதையெல்லாம் கொட்டிவிட்டு, “தூங்கி எந்திரிக்கலாம்” என்பார்கள். விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைக்காரர் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்: சூளை நிறைந்தால்தான் எரிபொருள் கட்டுப்படியாகும். ஒரே ஒரு அகலுக்காக யாரும் சூளையைப் பற்றவைப்பதில்லை. விதிநூல் நிறைந்த சூளைக்குக் கணக்குப் போட்டது. மேசையில் ஆளுக்கொரு அகலுக்காகப் பற்றவைக்கிறோம்.

மங்களூர் மேசை

நாங்கள் ஆடுவது மங்களூரில். கர்நாடகக் கடற்கரை மங்களூர் இல்லை. எங்கள் கடலூர் மாவட்டத்து மங்களூர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஐந்து பேர். நான் ஆட்டநடத்துநர். எங்களில் ஒருவர் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் வேலை பார்க்கிறார். வாரத்தில் ஆறு நாள் அச்சில் மண்கூழ் ஊற்றுவது, காய்ந்ததைப் பிரித்துப் பிசிறு தட்டுவது. அவருடைய பாத்திரம் திருடன். மந்திரவாதியாக ஆடுகிறவர் கல்லூரியில் படிக்கும் தம்பி. விதிநூலைக் கரைத்துக் குடித்தவர். நல்ல பையன். யாருடைய வேலையையும் பறிக்க வேண்டும் என்று அவர் நினைத்ததே இல்லை. கதவு வந்தது, திறக்க மந்திரம் இருந்தது, திறந்தார். சுவர் வந்தது, ஏற மந்திரம் இருந்தது, ஏற்றிவிட்டார். காவலாள் வந்தான், தூங்கவைத்தார்.

நாலாவது வாரம் திருடன் அண்ணன் பகடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். “ஏன் தம்பி, எல்லாத்தையும் நீயே பாத்துக்கிட்டா நான் எதுக்கு பஸ் ஏறி வரேன்? பட்டறையிலகூட எனக்குன்னு ஒரு அச்சு இருக்குப்பா.”

அந்த வாக்கியம் என்னைவிட்டுப் போகவில்லை. ஐம்பது வருட விவாதத்தில் எழுதப்பட்ட எந்தக் கணக்கும் விஷயத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. மந்திரம் எவ்வளவு சேதம் செய்கிறது என்பது இரண்டாவது கேள்வி. அவருக்கென்று ஒரு அச்சு இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

அதற்குப் பிறகு வன்னி இலைக் கதையிலிருந்து ஒரு விதியை எடுத்தோம். மேசை நடுவில் ஒரு கிண்ணத்தில் இலை வடிவில் வெட்டிய பச்சை அட்டைகள். மந்திரம் தெரியாத ஒரு பாத்திரம் தன் தொழிலால், பகடை உருட்டி, கதையை ஒரு படி நகர்த்தினால் அதற்கு ஒரு இலை. சண்டைக்கு வெளியே ‘நாக்’ போன்ற மந்திரம் எதையாவது சொல்ல வேண்டுமென்றால் மந்திரவாதிக்கு ஒரு இலை வேண்டும். அதை மற்றவர்கள்தான் கொடுக்க முடியும். மற்றவர்கள் உழைத்த அளவுக்குத்தான் மந்திரம் பொன்னாகும்.

விதி சரியாக வேலை செய்ததா? ஒரு பாதி. இலைக்குப் பேரம் பேசியே சில நாள் அரை மணி நேரம் போய்விடுகிறது. மந்திரவாதித் தம்பி, “என் மந்திரத்துக்கு நான் லைசன்ஸ் வாங்கணுமா?” என்று கேட்டது நியாயமான கேள்வி. அவருக்காகச் சண்டை மந்திரங்களை இலைக்கணக்கில் சேர்க்காமல் விட்டோம். ஆனால் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. இப்போது கதவு வந்தால் அவர் உடனே விதிநூலைப் புரட்டுவதில்லை. திருடனைத் திரும்பிப் பார்க்கிறார். “அண்ணே, முடியுமா?” என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்கும் பகடை உருளுவதற்கும் நடுவில் இருக்கும் மூன்று நொடி முழுக்க அண்ணனுக்குச் சொந்தம்.

மறைக்காட்டுக் கதவு

பாட்டால் கதவு திறந்த கதை தமிழில் வேறொன்று இருக்கிறது. ‘நாக்’ பற்றிப் பேசிவிட்டு அதைச் சொல்லாமல் விட முடியாது.

திருமறைக்காடு, இன்றைய வேதாரண்யம். வேதங்கள் பூசித்துத் திருக்காப்பிட்டுப் போன கதவு அங்கே மூடியே கிடந்தது. ஊர்க்காரர்கள் பக்கத்தில் வேறொரு வழி வைத்து உள்ளே போய் வந்தார்கள். அப்பரும் சம்பந்தரும் சேர்ந்து அந்த ஊருக்கு வருகிறார்கள். நேர்வாசல் வழியாகவே போவோம், நீங்கள் பாடித் திறங்கள் என்று சம்பந்தர் அப்பரிடம் சொல்கிறார். அப்பர் பாடுகிறார். கதவு அசையவில்லை. பாடல் பாடலாகப் போகிறது. பதிகம் முடியும் இடத்துக்கு வந்த பிறகுதான் திறக்கிறது. உள்ளே வணங்கிவிட்டு வெளியே வந்ததும், இனி அடைக்க நீங்கள் பாடுங்கள் என்று அப்பர் சொல்ல, சம்பந்தர் முதல் பாட்டைப் பாடியதுமே கதவு அடைத்துக்கொள்கிறது.

ஒருவர் முதியவர், ஒருவர் பிள்ளை. அப்பர் என்று அவரை அழைத்தவரே சம்பந்தர்தான். இருவருக்கும் நடுவில் போட்டியே கிடையாது. ஆனாலும் அன்று இரவு அப்பருக்கு மனம் வருந்துகிறது. திறப்பதற்கு நான் அவ்வளவு நேரம் பாட வேண்டியிருந்தது. அடைப்பதற்கு அவருக்கு அவ்வளவு எளிதாக இருந்ததே, இறைவன் திருவுள்ளத்தை நான் சரியாக அறியவில்லையோ என்று. சேக்கிழார் இந்த வருத்தத்தை மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஒரே பக்கம் நிற்பவர்களுக்குள்தான் இந்த ஒப்பீடு வலிக்கும். எதிரி எளிதாக ஜெயித்தால் கோபம்தான் வரும். தோழர் எளிதாகச் செய்துவிட்டால் தன்மேலேயே சந்தேகம் வந்துவிடுகிறது. விளையாட்டு எழுதுகிறவர்கள் ‘பேலன்ஸ்’ என்று சொல்லும்போது இந்தச் சந்தேகத்தைத்தான் குறைக்கப் பார்க்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

அந்தக் கதையில் எல்லாரும் பாட்டைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். இருவரும் பாடியது எதற்காக என்பதை விட்டுவிடுகிறார்கள். கதவு அன்றைக்கு ஒரு நாள் திறந்தால் போதும் என்று அவர்கள் நினைக்கவில்லை. அது மற்றக் கதவுகளைப் போலத் திறந்தும் மூடியும் வழக்கத்துக்கு வர வேண்டும் என்பதற்காகத்தான் ஒருவர் திறக்க, ஒருவர் அடைக்கப் பாடியது. அப்படியே ஆயிற்று. மறுநாளிலிருந்து அந்தக் கதவுக்குப் பதிகம் தேவைப்படவில்லை. காலையில் யாரோ ஒருவர் வந்து கையால் திறந்தார். ராத்திரி கையால் சாத்தினார்.